மலைக்கு எத்தனை பங்கு?

நவராத்திரி முடிந்து வந்த வெள்ளிக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் கடலையை வாயில் போட்டபடி வாசலில் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்த நேரம். என் மனைவி வசந்தி மட்டும் திரும்பிப் போய் ஐயருக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, இந்த வருசப் பஞ்சாங்கத்தில மழை மலைக்கு எத்தினை பங்கு போட்டிருக்கு?"

பஞ்சாங்கம் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். இந்த வருடத்துக்கு இவ்வளவு மழை என்று கணித்து, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, நிலத்துக்கு இத்தனை பங்கு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். சித்திரை வருடப் பிறப்பன்று ஐயர் அதை வாசிப்பார். நாங்கள் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டை யோசிப்போம். அதை நினைவு வைத்து, ஐப்பசி மாதத்தில் திரும்பிக் கேட்ட முதல் ஆள் வசந்தியாகத்தான் இருக்க வேண்டும்.

ஐயரே ஆடிப்போனார். "அம்மா, இது யாழ்ப்பாணத்துக்குக் கணிச்சது. அங்க எங்கயம்மா மலை? கீரிமலை ஒண்டு இருக்கு. அதிலயும் மலையைக் காணேல்ல, கேணிதான் கிடக்கு."

"பரவாயில்லை ஐயா. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்."

ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மலைக்குப் பங்கு கூட என்றார். வசந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளைக்குச் சோதனை பாஸ் என்று கேட்ட தாய்க்குக்கூட அப்படி ஒரு வெளிச்சம் வராது.

காரில் ஏறியதும் கேட்டேன். "உமக்கு என்னத்துக்கு மலையில பெய்யிற மழை?"

"சும்மாதான்... தோட்டத்துக்கு."

எங்களுக்குத் தோட்டம் கிடையாது. ஓல்டன் நகரில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் இரண்டு மிளகாய்ச் சாடி. அதுவும் குளிர் தொடங்கியதும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வந்து குந்திவிடும்.

எனக்குச் சந்தேகம் பிடித்தது.

சந்தேகம் என் கூடப்பிறந்த குணம் அல்ல. இந்த நாட்டில் வந்து இறங்கிய பிறகு கிடைத்தது. அகதி விண்ணப்பத்துக்கு என்னை நேர்காணல் செய்த அதிகாரி, "உங்கள் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். தேநீர் தந்தார். குடித்தேன். கப்பைக் கீழே வைக்கவில்லை... "அப்படியானால், கிணறு எந்தப் பக்கம்?" அவர் என்னை நம்பினாரோ இல்லையோ, அன்றோடு நான் யாரையும் நம்புவதை விட்டுவிட்டேன். கடையில் 'இலவசம்' என்று எழுதியிருந்தால் நம்ப மாட்டேன். வீட்டில் 'சும்மாதான்' என்று சொன்னால் அதைவிட நம்ப மாட்டேன்.

அதுவும் இந்த மாதத்தில், இந்த விஷயத்தில்! குளிர்காலத்தில் மலையில் பெய்யும் மழை என்றால் பனிதானே.

ஏனென்றால் அக்டோபர் வந்தால் இந்த நாட்டுக்கே ஒரு சாத்திரப் பைத்தியம் பிடிக்கும். வரப்போகிற ஸ்கீ சீசனுக்கு, அதாவது பனிச்சறுக்குக் காலத்துக்கு, பனி எப்படி? கூடவோ குறைவோ? ரயிலில் அதுதான் பேச்சு. வேலையில் கோப்பி இடைவேளையில் அதுதான் பேச்சு. எங்கோ ஒரு பள்ளத்தாக்கில் கிழவர்கள் எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வரப்போகும் குளிர்காலத்தைச் சொல்வார்களாம். பத்திரிகைக்காரர் போய்ப் படம் எடுத்து, பெரிதாகப் போடுகிறார். எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி சொன்னால் மட்டும் மூடநம்பிக்கை!

இத்தனை வருடமாக இந்த ஊகங்களைக் கேட்டுக் கேட்டு நான் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். எவரும் வானத்தைப் பார்த்துச் சொல்வதில்லை.

பனியில் வழுக்காத குளிர்கால டயரை எனக்கு மாற்றித் தரும் கராஜ்காரரைப் பாருங்கள். "இந்த முறை நேரத்தோடு கொட்டும்" என்பார். ஒரு வருடமாவது "அவசரமில்லை, ஆறுதலாக வாருங்கள்" என்று சொன்னாரா? நான் வேலை செய்யும் பார்சல் நிலையத்தில் மேலாளர், "இந்த முறை பனியே இராது" என்பார். பனி கொட்டினால் லொறிகள் பிந்தும், அவருக்குத் தலையிடி. வசந்தியின் தம்பி குகன் மலையடிவாரத்து இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல்காரன். "அத்தான், இந்த முறை கழுத்தளவு கொட்டும்!" என்பான். கொட்டினால் ஹோட்டல் நிரம்பும். நிரம்பினால் ஈஸ்டர் வரைக்கும் வேலை நிச்சயம்.

நான் மட்டும் யோக்கியமோ? வருடா வருடம் "இந்த முறை பனி வராது, எழுதி வையுங்கோ" என்று அடித்துச் சொல்கிறவன் நான். விடியற்காலை ஷிஃப்டுக்குக் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிற கை என்னுடையதாயிற்றே.

ஆக, ஒருவர் பனியைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பார்த்தால் போதும். அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அப்படியென்றால்... என் மனைவிக்கு என்ன வேண்டும்?

வசந்தி முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். பனியை அவளைப்போல் திட்டியவர் யாரும் இல்லை. முதல் பனி விழும் நாளில் ஊரே சந்தோஷமாக யன்னலுக்கு ஓட, இவள் மட்டும் "துலைவான் வந்திட்டான்" என்று திரைச்சீலையை இழுத்து மூடுவாள். அவளுக்கு இப்போது மலைக்கு எத்தனை பங்கு என்று தெரிய வேண்டுமாம்!

அடுத்த கிழமை குகன் போன் எடுத்தான்.

"அத்தான், அக்காவுக்கு என்ன நடந்தது? ஒவ்வொரு நாளும் மேல பனி விழுந்திட்டுதோ எண்டு மெசேஜ் போடுறா. நான் வெங்காயம் வெட்டுறதோ, மலையைப் பாக்கிறதோ?"

"நீ என்ன சொன்னனி?"

"கழுத்தளவு வரும் எண்டு சொன்னன். வேற என்ன சொல்ல?"

அன்றிரவு வசந்தி கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல எட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு மலைச்சரிவின் நேரடிக் கமரா. பனியில்லை, வெறும் காய்ந்த புல். ஒரு மாடுகூட இல்லை. அதைப் பார்த்து என் மனைவி பெருமூச்சு விட்டாள்.

"என்னப்பா பாக்கிறீர்?"

"வடிவாயிருக்கு எண்டு பாக்கிறன்."

புல்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற மனைவியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நித்திரை கொள்வது? தம்பியோடு சேர்ந்து மலையில் கடை போடப் போகிறாளோ? என்னை விட்டுவிட்டு இன்டர்லாக்கனுக்கே மாறப் போகிறாளோ? எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் கிணறு அந்தப் பக்கத்தில் இல்லை.

இந்த நிலையில்தான் குளிர்கால டயரை எடுக்க நிலவறைக்குப் போனேன். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே மரச்சட்டம் அடித்த ஒரு சின்ன அறை உண்டு. எங்களுடையதில் டயர், பொங்கல் பானை, ஊருக்கு அனுப்ப வைத்துப் பத்து வருடமாக அனுப்பாத உடுப்புப் பெட்டி. பானைக்குப் பின்னால் ஒரு பை. திறந்தேன்.

ஸ்கீ பூட்ஸ். பெண்கள் போடும் அளவு. பாவித்தது.

என் சந்தேகம் உடனே நேராக மூன்றாம் மாடிக்கு ஏறியது. ஃப்ராவ் மோஸர்!

ஃப்ராவ் மோஸர் எங்களுக்கு மேலே இருக்கும் அம்மணி. ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் குடிவந்த புதிதில், நான் மீன் பொரித்த அடுத்த நாள், யன்னலைத் திறந்துவிட்டுச் சமைக்க வேண்டாம் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கதவடியில் காகிதத் துண்டு வைத்தவர். அன்றிலிருந்து அவருடைய கார் தரிப்பிடத்தில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் நான் மீன் பொரிப்பது. போன குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் அந்தக் கார் இருக்காது. வசந்திக்கும் சனிக்கிழமை மேலதிக டியூட்டி. நான் தனியே, ராசா மாதிரி, வீடு முழுக்கப் புகை எழும்பப் பொரித்துச் சாப்பிட்டேன்.

அவருடைய நிலவறை எங்களுடையதுக்கு அடுத்தது. எங்கள் பூட்டு ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். தன் பழைய பூட்ஸை எங்கள் அறையில் தள்ளிவிட்டிருக்கிறார். சரி, இடமில்லாமல் வைத்தார் என்றே வைப்போம். நாளைக்கு வந்து "என் பூட்ஸைக் காணவில்லை, அதோ இவர்களுடைய பானைக்குப் பின்னால்!" என்று சொன்னால்? களவெடுத்த பட்டம் யாருக்கு?

இந்த நாட்டில் சண்டை வாயால் நடப்பதில்லை. உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவில் காகிதம் ஒட்டித்தான் நடக்கும். நானும் இத்தனை வருடம் இருந்து பழகிவிட்டேன் அல்லவா? என் முழு ஜெர்மன் அறிவையும் திரட்டி எழுதி ஒட்டினேன்: 'எங்கள் நிலவறையில் யாரோ ஸ்கீ பூட்ஸ் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்கவும். இல்லாவிட்டால் பழைய பொருள் கடைக்குப் போகும்.' கீழே கையெழுத்து. எனக்கே என்னை நினைக்கப் பெருமையாக இருந்தது.

அன்று ஃப்ராவ் மோஸரின் சலவை முறை. பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால், அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி அவர்.

"குரூட்சி, ஹேர் நாதன்" என்று வணக்கம் சொன்னார். பிறகு, சின்ன வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இந்த பூட்ஸ் வசந்தியுடையது. நான்தான் கொடுத்தேன். எனக்கு இறுக்கமாகிவிட்டது. போன குளிர்காலம் முழுவதும் அவர்தான் போட்டார். தயவுசெய்து கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்."

எனக்குப் பின்னால் குசினியில் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. வசந்தி அடுப்பை நிறுத்திய சத்தம் கேட்டது.

"யாருடைய... வசந்தி?" என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்?

ஃப்ராவ் மோஸர் எனக்கு மேலால் வசந்தியைப் பார்த்தார். வசந்தி அவரைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமே இல்லை.

அவர் போன பிறகு கதை வெளியில் வந்தது. போன குளிர்காலச் சனிக்கிழமைகளில் டியூட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஃப்ராவ் மோஸரின் காரில் மலைக்குப் போயிருக்கிறாள். குழந்தைகள் பழகும் சரிவில், குழந்தைகளோடு நின்று ஸ்கீ பழகியிருக்கிறாள். நான் இங்கே மீன் பொரித்த நேரமெல்லாம் இவள் அங்கே சறுக்கியிருக்கிறாள்!

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன மாசியில் இவளுடைய கண்ணைச் சுற்றி மட்டும் வெளிறி, கன்னம் கறுத்திருந்தது; பனி வெயிலுக்குக் கண்ணாடி போட்ட தடம். "புதுக் கிறீம் ஒத்துவரேல்ல" என்றாள். நம்பினேன். முழங்கால் நோகிறது என்றாள். பாவம், சலவைக் கூடை தூக்கித் தூக்கி என்று நினைத்து, எண்ணெய் சூடாக்கி நானே தேய்த்துவிட்டேன். யாரையும் நம்பாத நான்!

"ஏன் எனக்குச் சொல்லேல்ல நீர்?"

"சொன்னா என்ன செய்வியள் எண்டு எனக்குத் தெரியாதோ? முதல் சிரிப்பியள். பிறகு பயப்பிடுவியள். கடைசியில முழங்காலைக் காட்டி மறிப்பியள். பிறகு அதை உங்கட பத்திரிகைப் பத்தியில எழுதி, கோயில்ல எல்லாரும் என்னை விசாரிக்க வைப்பியள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமுடியவில்லை. சேலை உடுத்து அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற வசந்தி, ஸ்கீ தடியோடு! சிரித்து முடிய, விழுந்து முறித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயம் பிடித்தது.

"உம்மட முழங்கால் கிடக்கிற கிடையில..." என்று தொடங்கினேன்.

"பாத்தியளோ!" என்றாள்.

ஆனால் அந்த முழங்காலில்தான் விஷயமே இருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு சத்திரசிகிச்சை என்று முன்பே தெரியும். எனக்குத் தெரியாதது, டொக்டரிடம் இவள் தனியாகக் கேட்ட கேள்வி. இந்தக் குளிர்காலம், இலேசான சரிவு என்றால், கவனமாகப் போகலாம் என்றாராம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு? "பார்க்கலாம்" என்றாராம்.

இந்த ஊர் டொக்டர்மார் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

"போன முறை எல்லாம் பழகி முடிச்சு, அடுத்த கிழமை நடு மலையில இருக்கிற கேபிள்கார் நிலையத்தில இருந்து கீழ வாற பாதையில வரலாம் எண்டு மோஸர் சொன்னவ," என்றாள் வசந்தி. "சுகமான பாதைதான். அந்தக் கிழமை பாத்துப் பனி உருகி, புல்லுத் தெரிஞ்சு, பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். பிறகு திறக்கவே இல்லை. எனக்கு வேற ஒண்டும் வேண்டாமப்பா. முழங்காலைக் கத்திக்குக் குடுக்க முதல், ஒருக்கா, ஒரே ஒருக்கா, மேல இருந்து கீழ வரவேணும்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

அதற்குத்தான் ஐயர், அதற்குத்தான் குகன், அதற்குத்தான் புல்லும் பெருமூச்சும். வேலையிடத்தில் அடுத்த வருட விடுமுறையை இந்த மாதமே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மாற்ற முடியாது. பள்ளி விடுமுறைக் கிழமைகள் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் போய்விடும். மிஞ்சுவது ஜனவரியில் ஒரு கிழமை, மார்ச்சில் ஒரு கிழமை. மோஸரின் காலும் முன்போல் இல்லையாம். சனிக்கிழமைப் பயணம் இந்த முறை முடியாது, ஒரு கிழமை தங்கித்தான் போகலாம் என்றிருக்கிறார். இருப்பது ஒரே ஒரு கிழமை. எந்தக் கிழமையில் பனி இருக்கும்?

"நீங்கள் சொல்லுங்கோ," என்றாள். "ஜனவரியோ, மார்ச்சோ?"

வாசகர்களே, உண்மையைச் சொல்கிறேன். எந்தக் கிழமையில் பனி இருக்காதோ, அந்தக் கிழமையைச் சொல்லத்தான் என் நாக்குத் துடித்தது. எனக்கு இவள் விழாமல் இருந்தால் போதும். கராஜ்காரரையும் மேலாளரையும் நக்கலடித்த நான், என் முறை வந்ததும் என்ன செய்யப் பார்த்தேன்?

வாயை மூடிக்கொண்டேன்.

அவள் எழுந்து போய் பூட்ஸை எடுத்து வந்தாள். நைட்டியோடு அதைப் போட்டுப் பூட்டிக்கொண்டு வரவேற்பறைக் கம்பளத்தில் நின்றாள். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, பாதம் இரண்டின் முன்பக்கத்தையும் உள்ளே திருப்பி, குதியை அகட்டினாள்.

"இதுக்குப் பேர் பீட்சா. ஸ்கீயை இப்பிடி முக்கோணமாப் பிடிச்சா நிக்கும். நேராப் பிடிச்சா ஓடும். சின்னப்பிள்ளையள் எல்லாம் என்னைச் சுத்தி நிண்டு, 'பீட்சா, பீட்சா' எண்டு கத்துவினம். ஒரு குட்டி எனக்குக் கையே பிடிச்சது!"

மிளகாய்ச் சாடிக்குப் பக்கத்தில் நின்று, கையில் இல்லாத தடியைப் பிடித்தபடி, இல்லாத மலையில் இருந்து இறங்கிக் காட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது? எனக்குப் பொறாமையாக இருந்தது. மோஸர் ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறார். யாரோ பெற்ற குட்டிகள் எல்லாம் பார்த்திருக்கின்றன. அடுத்த அறையில் இருந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நான் மட்டும் பார்க்கவில்லை.

"மார்ச்," என்றாள் அவளே. "மோஸர் மார்ச் எண்டுதான் சொல்லுறா. அதுக்குள்ள மேல பனி சேர்ந்திடுமாம்."

"மார்ச் நல்லது," என்றேன்.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "எழுதுங்கோ. ஆனா நான் வரேக்க நீங்கள் கீழ நிண்டு பாக்கவேணும். காருக்குள்ள இருந்து பாக்கேலாது." குளிரில், பனியில், வெளியில்! ஒத்துக்கொண்டேன். முதல் வேலையாகத் தோய்க்கும் அறைக்குப் போய், கதவில் ஒட்டியிருந்த பசையையும் சுரண்டினேன்.

இப்போது காலையில் எழும்பியதும் போனில் அந்தப் புல்லைப் பார்ப்பது நான். ஓல்டனில் வழமைபோல மூடுபனி, எதிர்ப்பக்கக் கட்டடமே தெரியாது. அங்கே மேலே வெயில். பாழாய்ப்போன வெயில்! போன கிழமை கோப்பி இடைவேளையில் மேலாளர் "இந்த முறை பனியே இராது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பாதிக் கோப்பியோடு எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. பூசை முடிந்தது. வசந்தி வெளியே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் போய் ஐயருக்கு முன்னால் நின்றேன்.

"ஐயா, அந்த மலைப் பங்கு... கூட எண்டுதானே சொன்னனீங்கள்? ஒருக்காத் திருப்பிப் பாப்பமோ?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். அசல் சந்தேகப் பார்வை. கிணற்றைப் பற்றிக் கேட்டவருக்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்கள் என்னத்துக்குக் கேக்கிறியள்?"

"சும்மாதான் ஐயா," என்றேன். "தோட்டத்துக்கு."